மழை வந்தால் திரும்பும் புகை நாற்றம்: குன்னூர் வீடொன்றின் கணப்படுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

குன்னூரில் தேயிலைத் தோட்டச் சரிவொன்றில் நிற்கும் பழைய மாடி வீடு அது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், மங்களூர் ஓட்டுக் கூரை, கூடத்தில் மரப்பலகை மச்சு. கூடத்தின் நடுச்சுவரில், குளிர்காய விறகு எரிக்கும் கணப்படுப்பு ஒன்று. அதன் புகைபோக்கி மாடிப் படுக்கையறையின் சுவரை ஒட்டி மேலேறி, கூரையைத் துளைத்து வெளியே நிற்கிறது. அடுப்பின் தரையிலிருந்து உச்சிவரை சுமார் 7 மீட்டர். உள்துளை 23க்கு 23 செ.மீ. சதுரம்.

வீட்டை வாங்கிய குடும்பத்தில் நால்வர்: கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள், கணவனின் தாயார். தாயாருக்கு நெடுநாளாக ஆஸ்துமா. குடியேறும் முன் வீட்டைப் புதுப்பித்தார்கள். காற்று விசில் அடித்துக்கொண்டிருந்த பழைய மரச் சன்னல்களை எடுத்துவிட்டு, ரப்பர் விளிம்புள்ள யு.பி.வி.சி. சன்னல்கள் வைத்தார்கள். சமையலறையில் மணிக்கு 1,200 கன மீட்டர் உறிஞ்சுதிறன் என்று குறிப்பிடப்பட்ட எலக்ட்ரிக் சிம்னி பொருத்தினார்கள். கணப்படுப்பில் இருந்த பழைய வார்ப்பிரும்புச் சட்டத்தைப் பெயர்த்து, வாயை 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரத்துக்கு விரித்துக் கட்டினார்கள். எல்லாம் நல்ல நோக்கத்தில் செய்தவைதான். பின்னால் வந்த சிக்கலின் மூன்று வேர்கள் இந்த மூன்று வேலைகளில் இருந்தன.

முதல் குளிர்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வாரத்தில் நான்கைந்து மாலை தீ மூட்டினார்கள். விறகு, பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய யூகலிப்டஸும் சீகை மரமும். வெட்டிச் சில வாரங்களே ஆன கட்டைகள். இரவில் ஒரு பெரிய கட்டையைச் சாம்பலுக்குள் புதைத்து, விடியும்வரை கனலவிட்டுப் படுப்பது வழக்கமாயிருந்தது.

## முதலில் தெரிந்தவை

தீ எரிந்த மாதங்களில் முறையீடு பெரிதாக இல்லை. எப்போதாவது புகை முன்பக்கம் வழிந்தது, மச்சுப் பலகை லேசாக மங்கியது, அவ்வளவே. மார்ச் மாதம் அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளியபின் வீடு சில வாரங்கள் நன்றாக இருந்தது. ஏப்ரல் இறுதியில் கோடை மழை தொடங்கியதும் கூடத்தில் ஒரு நாற்றம் எழுந்தது. அணைந்த கொள்ளியும் தாரும் கலந்த, தொண்டையில் ஒட்டும் நாற்றம். தாயாரின் இருமல் கூடியது. அவர் கூடத்தில் உட்காருவதையே நிறுத்திவிட்டார்.

குடும்பம் முதலில் செய்தவை, பலரும் செய்பவைதான். திரைச்சீலைகளைத் துவைத்தார்கள், கம்பளத்தை வெயிலில் போட்டார்கள், அறை மணமூட்டி தெளித்தார்கள், கூடச் சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் நிம்மதி, பிறகு பழைய நிலை. அடுப்புக்கு மேலே உள்ள சுவரில் புதுப் பெயின்டையும் ஊடுருவி மஞ்சள் பழுப்புக் கறை எழுந்தது. நாற்றம் போக்கும் ஓசோன் வாயுக் கருவியை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்த கட்டத்தில்தான் முறையான ஆய்வு தொடங்கியது.

## குறிப்பேடு காட்டியது

ஆய்வின் முதல் வேலை, எதையும் கழுவாமல் இரண்டு வாரம் பதிவு எழுதுவது. தேதி, நேரம், மழை அல்லது மூடுபனி, எந்தச் சன்னல் திறந்திருந்தது, எலக்ட்ரிக் சிம்னி ஓடியதா, நாற்றம் 0 முதல் 3 வரை எவ்வளவு. மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிவிடும் என்பதால், மதிப்பெண்ணை வீட்டில் இருப்பவர் போடக் கூடாது, வெளியிலிருந்து உள்ளே நுழைபவர் நுழைந்த உடனே போட வேண்டும் என்று முடிவானது. மாலையில் பள்ளியிலிருந்து வரும் மகளே பெரும்பாலும் அதைச் செய்தாள்.

இரண்டு வாரக் குறிப்பில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை 6 மணிக்கு 0 அல்லது 1. பிற்பகல் 2 மணிக்கு மேல் 2. மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில், சமையலறையில் பொரிக்கும்போது, 3. சன்னல்களைத் திறந்துவைத்த நாள்களில் எலக்ட்ரிக் சிம்னி ஓடியும் 1.

சுவரிலும் துணியிலும் தங்கிய நாற்றம் இப்படி மணிக்கணக்கில் ஏறி இறங்காது. ஈரத்தில் சற்றுக் கூடும், ஆனால் எலக்ட்ரிக் சிம்னியின் பொத்தானுக்குக் கட்டுப்படாது. நாற்றத்தின் பெரும்பகுதி அறையில் மிச்சமிருந்ததல்ல, புகைபோக்கி வழியாக அன்றாடம் புதிதாக உள்ளே வந்துகொண்டிருந்தது என்ற ஐயம் இங்கேதான் உறுதிப்பட்டது. இதைக் கண்டறியாமல் துவைப்பதும் பூசுவதும் ஓடும் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போன்றது.

## சோதனைகள்

ஊதுபத்திச் சோதனை. கணப்படுப்பின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, எரியும் ஊதுபத்தியை அசையாமல் பிடிக்க வேண்டும். நான்கு நிலைகளில் பார்க்கப்பட்டது. பிற்பகலில் எல்லாம் மூடிய நிலையில் புகை மெல்ல அறைக்குள் சாய்ந்தது. எலக்ட்ரிக் சிம்னியை முழு வேகத்தில் ஓட்டியதும், புகை கோடு போட்டதுபோல் கூடத்துக்குள் பாய்ந்தது. சமையலறைச் சன்னலைத் திறந்ததும் பாய்ச்சல் தளர்ந்தது. சன்னலைத் திறந்துவைத்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையேயுள்ள கதவையும் சாத்தியபோது, ஏறக்குறைய நேராக நின்றது.

காரணம் எளியது. எலக்ட்ரிக் சிம்னி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். முன்பு மரச் சன்னல் இடுக்குகள் அதைக் கொடுத்தன. புதுச் சன்னல்கள் அடைத்துவிட்டதால், வீட்டில் மிச்சமிருந்த பெரிய ஓட்டை புகைபோக்கிதான். எலக்ட்ரிக் சிம்னி இயங்காத பிற்பகலிலும் மெல்லிய கீழ்நோக்கு ஓட்டம் இருந்ததற்கு வேறு காரணம். கல்வீட்டின் உட்புறமும் புகைபோக்கியின் உட்சுவரும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அது கீழே இறங்கும். குளிர்காலத்தில் இதே புகைபோக்கி மேல்நோக்கி இழுப்பதும் இதே விதியால்தான், திசை மட்டுமே மாறுகிறது.

புகைபோக்கியின் உட்புறம். கீழிருந்து கண்ணாடியும் டார்ச்சும் கொண்டும், மேலிருந்து கேமராவை இறக்கியும் பார்த்தார்கள். அடிப்பகுதியில் பொடியாக உதிரும் கரி. நடுவில் முறுமுறுப்பான கறுப்புச் செதில். கூரைக்கு மேலே நீண்டு நிற்கும் கடைசி ஒன்றரை மீட்டரில் வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் கெட்டித் தார். இதுவே கிரியோசோட். புகை சுமார் 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும்போது, அதிலுள்ள நீராவியும் தார் ஆவியும் சுவரில் படிந்து இப்படி இறுகும். பச்சை விறகு, காற்றைக் குறைத்துக் கனலவிடுதல் இரண்டும் புகையைக் குளிரவைக்கும். வெளிக்காற்றில் நிற்கும் உச்சிப்பகுதியில் அது மேலும் குளிரும். அதனால் மிக மோசமான படிவு மிக உயரத்தில் இருந்தது.

யூகலிப்டஸ் தைலம்தான் நாறுகிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். தைலம் பெரும்பாலும் இலையில் இருப்பது. எந்த மரத்தையும் ஈரத்தோடு எரித்தால் இதே படிவு வரும். கட்டையிலுள்ள லிக்னின் சிதையும்போது உண்டாகும் குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால் சேர்மங்கள்தான் புகைக்கு அந்த மணத்தைத் தருகின்றன. படிவு ஈரத்தை உறிஞ்சும்போது அவை காற்றில் கலக்கின்றன. மழைக்குப் பின் மதிப்பெண் 3 ஆனது இதனால்.

வாயும் துளையும். இந்த உயரமுள்ள புகைபோக்கிக்கு, உள்துளையின் பரப்பு அடுப்பு வாயின் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இங்கே வாய் 90 × 75 = 6,750 சதுர செ.மீ., துளை 23 × 23 = 529 சதுர செ.மீ. பதின்மூன்றில் ஒரு பங்குதான். குளிர்காலத்தில் புகை முன்பக்கம் வழிந்ததும் மச்சு மங்கியதும் இதன் விளைவு. பழைய வார்ப்பிரும்புச் சட்டம் வாயைச் சுருக்கி வைத்திருந்தது. அது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல.

உச்சி. மழைமூடி இல்லை. துளை வானம் பார்த்து நின்றது. மழைநீர் நேராகத் தாரின் மீது விழுந்தது.

ஆய்வின்போது கண்ணில் பட்ட இன்னொன்று, நாற்றத்தைவிட அவசரமானது. குளியலறைக்குள் கேஸ் கீசர். வீட்டுக்குள் காற்றழுத்தம் குறையும்போது அதன் கழிவு வாயுவும் வெளியேறாமல் உள்ளே தங்கும். அதிலிருக்கக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. மலைப்பகுதிகளில் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கி மாண்டவர்கள் உண்டு. கீசரை அன்றே நிறுத்தச் சொல்லி, அதே வாரத்தில் வெளிச்சுவருக்கு மாற்றியாயிற்று. மற்ற எல்லாம் அதன் பின்னர்தான்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரிசை இப்படி முடிவானது: முதலில் காற்றின் திசை, அடுத்து படிவு, அதற்கடுத்து மழைநீர், கடைசியாகத்தான் அறை. அறையை முதலில் சுத்தம் செய்திருந்தால் புகைபோக்கியைத் துடைக்கும்போது மறுபடி கரி படிந்திருக்கும்.

ஓசோன் கருவி வேண்டாம் என்று முடிவானது. நாற்றத்தை அடக்கும் அளவுக்கு ஓசோன் அடர்ந்தால் நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமா உள்ள வீட்டில் கூடவே கூடாது. ரப்பர் விளிம்புகளையும் அது விரிசல்விடச் செய்யும். மூலம் புகைபோக்கியில் இருக்க, அறையை ஓசோனால் நிரப்பிப் பயனுமில்லை.

சமையலறைக்கு மாற்றுக்காற்று தர, சுவரில் 6 அங்குலக் குழாய் ஒன்று போதும் என்றார் கொத்தனார். கணக்கு ஒத்துவரவில்லை. 15 செ.மீ. விட்டக் குழாயின் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. மணிக்கு 1,200 கன மீட்டர் அதன் வழியே வர வேண்டுமானால் வேகம் விநாடிக்கு 18 மீட்டரைத் தாண்டும். காற்று அப்படி வராது, சுலபமான புகைபோக்கியையே நாடும். அதனால் அடுப்புமேடைக்கு அருகே வெளிச்சுவரில் 30க்கு 30 செ.மீ. அளவில் வலை பொருத்திய சாய்தகட்டுத் துவாரம் ஒன்று, கூடக் கதவின் நான்கு விளிம்பிலும் காற்றுத்தடுப்புப் பட்டை, பொரிக்கும் வேளையைத் தவிர எலக்ட்ரிக் சிம்னி குறைந்த வேகத்தில், முழு வேகத்தில் ஓடும்போது சன்னல் திறந்தே. செலவு குறைவு, பலன் அதிகம் தந்தது அந்தக் கதவுப்பட்டைதான்.

## செய்த வேலை

ஜூன் மாதத்தில் மழை விட்ட நான்கு நாள்களில் புகைபோக்கி துடைக்கப்பட்டது. அடுப்பின் வாயைத் தடித்த தார்ப்பாயால் மூடி, விளிம்பை டேப் போட்டு அடைத்தார்கள். கூடத்துப் பொருள்கள் வெளியேற்றப்பட்டன. கூரையில் நின்றவர் இடுப்புப் பட்டையும் கயிறும் கட்டியிருந்தார், முகத்தில் வடிகட்டியுள்ள மாஸ்க். 23 செ.மீ. சதுர நைலான் தூரிகையைக் கயிற்றில் எடைகட்டி இறக்கி ஏற்றினார்கள். கரி உதிர்வது நின்றபின் ஒரு மணி நேரம் தூசி அடங்கக் காத்திருந்து, புகைபோக்கியின் அடியில் திட்டாக உள்ள புகைமேடையில் தங்கியதைக் கையால் அள்ளினார்கள். அரை சிமென்ட் மூட்டை அளவு வந்தது.

உச்சியிலிருந்த கெட்டித் தார் தூரிகைக்கு அசையவில்லை. சுழலும் சங்கிலியால் அடித்துப் பெயர்க்கும் முறை உண்டு, ஆனால் சுண்ணாம்புக் காரை வைத்த பழைய செங்கல் அதைத் தாங்காது என்று தவிர்க்கப்பட்டது. மேலிருந்து கை எட்டும் வரை, சுமார் 80 செ.மீ., தட்டை உளியால் மெல்லச் சுரண்டினார்கள். அதற்குக் கீழே சிறிது மிஞ்சியது. பெருந்தீ மூட்டி எரித்துவிடலாம் என்ற யோசனை உறுதியாக மறுக்கப்பட்டது. கெட்டித் தார் பற்றினால் புகைபோக்கித் தீ, மரச்சட்டக் கூரைக்கு அதைவிட ஆபத்து இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் இல்லை. கரைந்த கரி அமிலத்தன்மையோடு செங்கல்லுக்குள் இறங்கி, கறையாக மறுபக்கம் வரும்.

அடுப்புக்கு மேலே, புகைபோக்கி தொடங்கும் இடத்தில் கை எட்டும் புகைக்கூட்டின் உட்புறத்தைச் சலவைச் சோடாக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையால் பூசினார்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் இந்த உட்பூச்சுக்குச் சுண்ணாம்போடு சாணமும் கலப்பார்கள். சூட்டில் வெடிக்காமல் நெகிழும் என்பதே காரணம். இங்கே சுண்ணாம்பும் சலித்த மணலும் மட்டும் 1:3 அளவில். சிமென்ட் சேர்க்கவில்லை. அது பழைய செங்கல்லைவிடக் கடினம், சூடேறி ஆறும்போது பிரிந்து வரும்.

உச்சியில் துருப்பிடிக்காத எஃகு மூடி. துளைக்கும் மூடிக்கும் இடையே 20 செ.மீ. இடைவெளி, நான்கு பக்கமும் 12 மி.மீ. கண்ணுள்ள வலை. இதைவிடச் சிறிய கண் கரியால் அடைபடும். புகைபோக்கியின் உச்சி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 90 செ.மீ., 3 மீட்டர் தொலைவுக்குள் உள்ள எதையும்விட 60 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இங்கே அது சரியாகவே இருந்தது. சாய்ந்து நின்ற சில்வர் ஓக் கிளை ஒன்று மட்டும் வெட்டப்பட்டது.

அடுப்பு வாயின் மேல்விளிம்பில் 15 செ.மீ. இறங்கும் இரும்புத் தகடு பொருத்தினார்கள். வாய் 90 × 60 = 5,400 சதுர செ.மீ. ஆனது, விகிதம் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பயன்படுத்தாத மாதங்களுக்கு, அடுப்பு புகைபோக்கியோடு சேரும் குறுகிய தொண்டைப் பகுதியை அடைக்க, விளிம்பில் கண்ணாடியிழைக் கயிறு ஒட்டிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. அதில் 10 மி.மீ. துளை இரண்டு விடப்பட்டது. முழுதாக அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கிச் சுவர் ஊறும். தகட்டிலிருந்து சிவப்புப் பட்டை ஒன்று அடுப்புக்குள் தொங்கும், மறந்து தீ மூட்டாமலிருக்க.

அறையின் வேலை கடைசியில். மேலிருந்து கீழ்நோக்கி: நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்யூம், பிறகு கரி துடைக்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்ச், அதன் பின்னரே ஈரம். முதலிலேயே ஈரத்துணி வைத்தால் கரி எண்ணெயோடு குழைந்து துளைகளில் ஏறிவிடும். பெயின்ட் சுவரை வெதுவெதுப்பான சலவைச் சோடாக் கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்தார்கள். மச்சுப் பலகைக்குச் சோடா படாமல், துடைத்து உலர்த்தி, தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்கு எடுக்கும் அரக்குக் கரைசல் இரண்டு பூச்சு. அரக்கு நாற்றத்தை நன்றாக அடைக்கும். ஆனால் அடுப்புக்கு மேலுள்ள கறைச் சுவரில் அதைப் பூசவில்லை. ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உரிந்துவிடும். அங்கே தார் ஊறிய காரையைச் செங்கல்வரை கொத்தி எடுத்து, புதுச் சுண்ணாம்புக் காரை பூசி, ஒரு மாதம் உலரவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

கம்பளி, திரை, மெத்தை உறைகள் துவைத்து வெயிலில் காய்ந்தன. ஒரு சோபாவின் ஃபோம் மட்டும் தேறவில்லை, மாற்றப்பட்டது. நாற்றத்தை உறிஞ்சும் மரக்கரிப் பைகள் அலமாரிகளுக்குள் வைக்கப்பட்டன. மூடிய சிறு இடத்தில் அவை உதவும், காற்றோடும் கூடத்தில் பயன் சொற்பம்.

## பிறகு நடந்தது

ஜூலையில் பிற்பகல் மதிப்பெண் 0 அல்லது 1. பொரிக்கும் வேளையிலும் 1ஐத் தாண்டவில்லை. தாயார் கூடத்துக்குத் திரும்பினார். அவரது மருந்தில் மாற்றம் செய்யப்படவில்லை. இருமல் குறைந்ததற்கு நாற்றம் விலகியது மட்டுமே காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை கனத்தபோது மாடிப் படுக்கையறையில் மட்டும் நாற்றம் தலைகாட்டியது. தொடர்ந்து மழை பெய்த நாள்களில் 2. ஊதுபத்திச் சோதனையில் கூடத்தில் குறையில்லை. மாடியில் புகைபோக்கிச் சுவரைத் தொட்டால் கூரையை ஒட்டிய இடம் ஈரம். ஓட்டுக்கும் புகைபோக்கிக்கும் இடையிலுள்ள சந்தில் பூசிய பழைய சிமென்ட் வெடித்து, நீர் செங்கல் வழியே இறங்கியிருந்தது. மிஞ்சிய தார் அதில் ஊறியது. மழை ஓய்ந்த இடைவெளியில் வெடித்த பூச்சை எடுத்து, ஜி.ஐ. தகட்டைச் செங்கல் வரிசைக்குள் 25 மி.மீ. செருகி ஓட்டின்மேல் மடித்துவிட்டார்கள். நவம்பர் இறுதியில் சுவர் உலர்ந்தது, நாற்றமும் போனது.

இரண்டாம் குளிர்காலத்தில் விறகு முறை மாறியது. கட்டைகளை 10 செ.மீ. தடிப்புக்குப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவைத்து அடுக்கினார்கள். பிளந்த கட்டையின் உள்முகத்தில் ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே காட்டியதை மட்டும் எரித்தார்கள். காட்டியவை குறைவு என்பதால் தீ வாரத்தில் இரண்டு மாலையாகச் சுருங்கியது. மூட்டும் முன் சுருட்டிய தாளைத் தொண்டையருகே எரித்து இழுப்பைத் தொடங்கினார்கள். இரவு கனலவிடுவது நிறுத்தப்பட்டது. தீ எரியும் நேரத்தில் எலக்ட்ரிக் சிம்னி ஓடாது. கூடத்திலும் மாடியறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொன்று. மார்ச் மாதம் மறுபடி கேமரா இறக்கியபோது புதுப் படிவு பொடிக்கரியாக, 3 மி.மீ. தடிப்புக்கும் குறைவாக இருந்தது. பளபளப்பு எங்கும் சேரவில்லை.

## மறுபடி செய்வதானால்

கூரைச் சந்தை ஜூனிலேயே பார்த்திருக்க வேண்டும். ஆள் கூரை மீது ஏறியிருந்த நான்கு நாளில், ஒரு குடம் தண்ணீரை அந்த மடிப்பில் ஊற்றி மாடியறையில் தடவிப் பார்த்திருந்தால் அக்டோபர்ச் சிரமம் இல்லை. கறைச் சுவரின் காரையை ஜூனில் கொத்தியதும் சரியான பருவமல்ல. மலை மழையில் சுண்ணாம்பு மெதுவாகவே இறுகும், ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களே அதற்கு உகந்தவை.

கூடச் சுவருக்கு முதலில் அடித்த எமல்ஷனை இன்னும் சுரண்டவில்லை. கறை எழாத பக்கங்களில் அது கேடு செய்யவில்லை. அடுத்த வறண்ட பருவத்தில் வெளிச்சுவரின் உட்பக்கம் மட்டும் எடுத்துச் சுண்ணாம்புக்கு மாற்றுவதாகத் திட்டம். உச்சியில் மிஞ்சிய தார் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கேமராவால் பார்க்கப்படும். அது கூடினால் உள்ளே எஃகுக் குழாய் இறக்குவது அடுத்த படி. துளை அப்போது மேலும் சிறுக்கும் என்பதால், அடுப்பு வாயையும் அதற்கேற்ப மறுபடி குறைக்க வேண்டியிருக்கும்.